நாலு இஞ்ச் லட்சணம்

கல்யாணப் பெண்ணுக்குச் செருப்பு வாங்குவது பொறுப்பான வேலை. நடந்து பார்த்து வாங்குகிறவர்கள் விவரமில்லாதவர்கள். மணப்பெண் எங்கே நடக்கப் போகிறாள்? முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன் மேடையேறினால், கடைசிப் பந்தி முடியும்வரை நிற்கத்தான் வேண்டும். நிற்பதற்கென்றே நாலு இஞ்ச் ஹீல்ஸ், கூர்முனை, கல் பதித்த வார். மூன்று விரல் இடத்தில் ஐந்தும் அடங்கினால் அளவு கச்சிதம். கொப்புளம் வந்தால் இன்னும் விசேஷம்: முகத்தில் ஓடும் நெளிவை போட்டோகிராபர் வெட்கம் என்றே எடுத்துக்கொள்வார்.

பட்டுச்சேலை தரையைப் பெருக்குவதால் செருப்பு யார் கண்ணிலும் படாது என்பது வாஸ்தவம். அதனால்தான் விலை அவ்வளவு. மறுநாள் முகூர்த்தத்துக்கோ வெறுங்கால். அம்மி மிதிக்க, மெட்டி போட மாப்பிள்ளை காலைப் பிடிக்கும்போது பிளாஸ்திரிதான் தெரியும். அது ஜரிகை நிறத்தில் கிடைத்தால் உத்தமம்.

இப்படி ஒரு கல்யாணத்தன்று மண்டப வாசலில் செருப்புத் திருட்டும் நடந்தது. கல் பதித்த ஜோடி வைத்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. பெண்ணின் பாட்டி போட்டு வந்த ரப்பர் செருப்பைத்தான் காணோம். ஆசாமி போட்டுப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான்.