உண்மைவிளம்பியின் ஸ்னோமொபைல்

கியூபெக்கில் பழைய ஸ்னோமொபைல் விற்கும் ஆசாமியைப் பொய்யர் என்று சொல்வது அபாண்டம். அவர் வாயில் பொய் வராது. கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, காதுவரை இழுத்துவிட்ட குல்லாய், கையில் ஆறிப்போன காப்பி. கராஜ் கதவைத் தூக்கிவிட்டு அவர் பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு வார்த்தையையும் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்லலாம். வாங்க வருகிறவர் ஏமாறுவதே அதனால்தான். பொய்யென்றால் குறுக்கு விசாரணையில் மாட்டிவிடலாம். உண்மையை எதைக் கொண்டு மடக்குவது? ஆகவே அவர் சொல்வதை முழுக்க நம்பிவிட்டு, அந்த உண்மை உண்டான கதையை மட்டும் தோண்ட வேண்டும் என்பது என் கட்சி.

“ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்” என்பார். ஆகும். வருவதாக நீங்கள் போன் செய்ததுமே போய்க் கயிற்றைத் தோள் வலிக்க இழுத்து, என்ஜினைச் சூடேற்றி வைத்திருக்கிறாரே! அவரிடம் கைகுலுக்கிய கையோடு மூடியைத் திறந்து என்ஜினையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. “போன வருஷம்தான் என்ஜினைப் பிரித்துப் புதுசு பண்ணினேன்” என்பதும் உண்மையே. நன்றாக ஓடும் என்ஜினை யாரும் பொழுதுபோகாமல் பிரிப்பதில்லை. கார்புரேட்டர் அடைத்து, பெட்ரோல் குறைந்து காற்று கூடி, பிஸ்டன் சீஸ் ஆகியிருக்கும். அடைப்பை எடுக்காமல் பிஸ்டனை மட்டும் மாற்றியிருந்தால், புதுப் பிஸ்டனும் பழையது போன வழியே போகும். மெக்கானிக் பில்லைக் கேளுங்கள். கூடவே கம்ப்ரஷன் கேஜையும் கொண்டுபோங்கள். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் 10 சதவீதத்துக்குமேல் வித்தியாசம் காட்டினால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். “ஷெட்டை விட்டு வெளியே நிறுத்தியதே இல்லை” என்றால் அதுவும் சரி. கோடை முழுக்க டாங்கில் பழைய பெட்ரோலோடும், காற்று வடிகட்டிப் பெட்டியில் எலிக் குடும்பத்தோடும் ஷெட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது.

அவருடைய உண்மைகளிலேயே அழகானது, “இதைக் காட்டுக்குள் கொண்டுபோனதே இல்லை, ஏரியில் மட்டும்தான் ஓட்டினேன்” என்பது. சமதளம், மரமில்லை, பாறையில்லை. கேட்பவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோகும். ஆனால் ஸ்னோமொபைலுக்குப் பனி வெறும் பாதையல்ல. அடியில் சுழன்று வண்டியைத் தள்ளும் டிராக்குக்குள் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின் அடியில் ஹைஃபாக்ஸ் என்ற பிளாஸ்டிக் பட்டை. டிராக் அதன்மேல் வழுக்கி ஓட, பனிதான் எண்ணெய். திரவத்தால் குளிரும் வண்டிகளில் ரேடியேட்டர் வேலையைச் செய்யும் அலுமினியத் தகடும் பெரும்பாலும் டிராக்குக்கு மேலேதான் இருக்கிறது. டிராக் வாரியிறைக்கும் பனித்தூள் பட்டால்தான் அது ஆறும். காற்று பனியைத் துடைத்துப்போன மொட்டை ஏரியில் இறைப்பதற்கு என்ன இருக்கிறது? பட்டை உருகும், என்ஜின் கொதிக்கும். ஐஸைக் கீறித் தூள் கிளப்பவென்றே ஸ்கிராச்சர் என்று கம்பிகள் விற்கிறார்கள். ஏரியில் மட்டுமே ஓடிய வண்டியில் அந்தக் கம்பி இல்லையென்றால், தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, பட்டை எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட வேண்டும். வழுக்காமல் இருக்க டிராக்கில் ஆணி அடித்திருந்தால் மேலே இருக்கும் தகட்டில் கீறல் உண்டா என்பதையும் பாருங்கள். கூலன்ட் ஒழுகுவது பல சமயம் அங்கிருந்துதான். இவ்வளவையும் குனிந்து பார்க்கும்போது ஆசாமி உற்சாகமாகச் சீட்டைத் தட்டிக் காட்டுவார். சீட்டு புதிது. அதில் சந்தேகமே இல்லை.

எல்லா விற்பவரையும் இப்படிச் சந்தேகிப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான். கிரீஸ் அடித்த தேதிகளைக்கூட நோட்டில் எழுதிவைக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரும் உண்மைதான் பேசுவார். ஆனால் விலையைக் குறைக்கும் உண்மையையும் கேட்காமலே சொல்வார். “இடது ஸ்கியில் ஆட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று எவர் முதலில் சொல்கிறாரோ, அவரிடம் தைரியமாகப் பேரம் பேசலாம். கடையில் வாங்கிவிட்டால் வம்பில்லையே என்பார்கள் வேறு சிலர். வாரண்டி கொடுத்தால் சரி. ஆனால் கடைக்காரரிடம் வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிப்போனவரும் நம் ஆசாமியாக இருக்கலாம். சல்லிசாகக் கிடைக்கும் பழைய சாமானுக்கு இத்தனை சோதனையா என்பது மூன்றாவது ஆட்சேபம். ரோட்டில் நின்றுபோகும் கார் என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் 1959இல் ஸ்னோமொபைல் தயாரிப்பாளர் பொம்பார்டியே தம் ஊரான வால்கூரிலிருந்து ஸ்கி-டூ என்ற வண்டியை அனுப்பியதே கார் போகாத இடங்களுக்காகத்தான். இன்று கியூபெக்கில் ஸ்னோமொபைல் தடங்கள் மட்டும் 30,000 கிலோமீட்டருக்கு மேல். அதில் எங்கோ ஒரு மூலையில், மைனஸ் 25 டிகிரியில், இடுப்பளவு பனியில் பெல்ட் அறுந்து நிற்கும்போது சல்லிசு விலையை நினைத்து யாரும் பூரிப்பதில்லை. ஒரு ஸ்பேர் பெல்ட் கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பணத்தை எண்ணுமுன் காகிதம். “கடன் தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை” என்று அவர் மார்தட்டினால் கவனியுங்கள்: தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வண்டியின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு, அடமானங்களைப் பதிந்துவைக்கும் மாகாணப் பதிவேட்டில் பாருங்கள். அந்தக் கடன் வண்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடக்கூடும். நீங்கள் இதற்கெல்லாம் ஒருநாள் அவகாசம் கேட்டவுடன், சாயங்காலம் இன்னொருவர் வருவதாக இருக்கிறது என்பார். அதையும் நம்பலாம். வருபவர் அவருடைய மைத்துனர், சாப்பாட்டுக்கு.