எங்க சைடு எல்லாம் ரன்னிங்

க்யூ அண்ணாவிடம் போய் ‘க்யூ வேலை செய்யலை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குலதெய்வத்தைப் பழித்தது போல ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி கேட்பார்: “க்யூ வேலை செய்யலையா, சேனல் வேலை செய்யலையா, இல்ல உங்க புரோகிராம் வேலை செய்யலையா? மூணும் வேற வேற தம்பி.” எது என்று நமக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் போகிறோம்?

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவர் ஒருவர் இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். டீம் அவுட்டிங் புகைப்படம் எதிலும் இருக்கமாட்டார். அன்றைக்குப் பார்த்து அவர்தான் ஆன்-கால். எல்லோருடைய திரையிலும் வண்ணங்கள் ஓட, இவர் திரையில் மட்டும் கறுப்புப் பின்னணியில் எழுத்து ஓடும். எங்கள் அண்ணாவின் பைக் நம்பர் 1414. அது எம்க்யூ என்கிற மென்பொருள் வழக்கமாகக் காது கொடுத்துக் காத்திருக்கும் போர்ட் எண். அதற்காகத் தனியாகப் பணம் கட்டினார். வீட்டில் ‘ராசியான நம்பர்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்.

அவர் கட்டிக் காக்கும் சாமான் ஐபிஎம் எம்க்யூ. ஒரு தபால் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் ஒரு கம்ப்யூட்டர் ‘இன்னார் கணக்கில் இவ்வளவு கழி’ என்று கடிதம் எழுதிப் பெட்டியில், அதாவது க்யூவில், போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். வாங்கவேண்டியது அந்த நேரம் தூங்கினாலும், செத்தே கிடந்தாலும் கவலையில்லை, எழுந்ததும் எடுத்துக்கொள்ளும். ‘நிலையானது’ என்று குறித்த கடிதம் கட்டாயம் போய்ச் சேரும். ஒரே ஒரு தடவைதான் போய்ச் சேரும். இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் வங்கிகள் காசு கொடுக்கின்றன. சம்பளம் இரண்டு முறை ஏறினால் நாம் வாயைத் திறக்கமாட்டோம், இ.எம்.ஐ. இரண்டு முறை போனால் விடுவோமா?

1993-இல் வந்த மென்பொருள் இது. எங்கள் தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பலரைவிட மூத்தது. முதலில் எம்க்யூ சீரிஸ் என்று பெயர். 2002-இல் வெப்ஸ்பியர் எம்க்யூ ஆனது. 2014-இல் ஐபிஎம் எம்க்யூ. அண்ணா இன்றுவரை எம்க்யூ சீரிஸ் என்றுதான் சொல்கிறார். அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்பவர்களை நாம் திருத்தவா செய்கிறோம்?

இந்தத் தபால் ஆபீஸ் உவமையை அவர் தம் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். பெண் தேடிக்கொண்டிருந்த காலம். ‘என்னடா வேலை உனக்கு?’ என்று அம்மா கேட்க, ‘தபால் ஆபீஸ் மாதிரிம்மா’ என்றிருக்கிறார். ‘மாதிரி’ அம்மாவின் காதில் விழவில்லை. ‘பையன் போஸ்டல் டிபார்ட்மெண்ட்’ என்று ஊரெல்லாம் பரவி, அந்த மாதமே மூன்று ஜாதகம் வந்தது. மூன்றாவதுதான் அண்ணி. உண்மை தெரிந்தபோது மாமனார் ஒரு வாரம் பேசவில்லையாம், பென்ஷன் இல்லையே.

எண்களால் பேசுவது இந்த இனத்தின் அடையாளம். எம்க்யூவில் எது தவறினாலும் அது ஒரு நான்கு இலக்க எண்ணைத் துப்பும். அனுமதி இல்லை என்றால் 2035. பெட்டி நிறைந்துவிட்டால் 2053. பெட்டியில் ஒன்றுமே இல்லை என்றால் 2033. கேட்டால் அது பிழையே இல்லை என்பார், ‘தபால் வரலைன்னா போஸ்ட்மேன் என்ன பண்ணுவான்?’ லீவு கேட்டு மேனேஜர் அறைக்குள் போனவர் வெளியே வந்து ‘2035’ என்று சொல்லிவிட்டு உட்காருவார். கேண்டீனில் வடை தீர்ந்துவிட்டால் 2033. அண்ணிகூட இப்போது போனில் ‘பால் 2033, வரும்போது வாங்கிட்டு வாங்க’ என்கிறார் என்று கேள்வி.

அவருடைய மச்சான் சில வருஷமாக டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறான். ‘என்ன பண்றான்?’ என்று கேட்டால் அண்ணாவின் பதில்: ‘ரீட்ரையிங்.’ இது, கடிதங்கள் போகும் வழியான சேனல் எதிர்முனையைப் பிடிக்க முடியாமல் தவிக்கும் நிலை. நாம் எதையும் மாற்றாமல் விட்டால் முதலில் நிமிஷத்துக்கு ஒன்றாகப் பத்துத் தடவை முயலும். அப்புறம் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை. எத்தனை தடவை என்று நினைக்கிறீர்கள்? 99,99,99,999. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம், சுமார் 38,000 வருஷம் வந்தது. மச்சானைப் பற்றி அண்ணா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இவருடைய வேலை பழுது பார்ப்பது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அதில்லை. தான் குற்றவாளி அல்ல என்று நிரூபிப்பதுதான் வேலை. இரண்டு புரோகிராமுக்கு நடுவில் நிற்பவர் என்பதால் கடிதம் காணாமல் போனால் அனுப்பியவனும் இவரைத்தான் சொல்வான், வாங்கவேண்டியவனும் இவரைத்தான் சொல்வான். அதனால் எல்லாவற்றுக்கும் சாட்சி வைத்திருப்பார். ஒருமுறை எங்களில் ஒருவன் கடிதத்துக்கு ஆயுள் ஒரு மணி நேரம் என்று நினைத்து 3600 என்று குறித்தான். எம்க்யூவில் ஆயுளுக்கு அலகு வினாடி இல்லை, வினாடியில் பத்தில் ஒரு பங்கு. ஆறே நிமிஷத்தில் கடிதங்கள் ஆவியாகின. ‘எம்க்யூ லெட்டரைத் தின்னுடுச்சு’ என்று டிக்கெட் போட்டோம். அண்ணா ஒரு கடிதத்தின் தலைப்பை அச்சடித்து, அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அவன் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் கதை அதைவிடக் கேவலம். இல்லாத பெட்டியைக் கேட்டால் வரும் எண் 2085. எனக்கு அது வந்தது. பெட்டியை உருவாக்கவே இல்லை என்று மேனேஜரை நகலில் வைத்து மெயில் தட்டினேன். அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “பேரை எழுத்துக் கூட்டிப் படிங்க தம்பி” என்றார். படித்தேன். “எல்லாம் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?” பெட்டியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, என் புரோகிராம் சின்ன எழுத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. எம்க்யூவுக்கு இரண்டும் வேறு வேறு பெட்டி. பதினாறு வருஷம் படித்துவிட்டு ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் தோற்றவன் நான்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், நிஜப் பெட்டியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கிறேன் பேர்வழி என்று ஒரு கட்டளையைத் தட்டினான். எம்க்யூவோடு வரும் இரண்டு சின்னக் கருவிகளில் ஒன்று கடிதத்தை எட்டிப் பார்க்கும், இன்னொன்று எடுத்துவிடும். அவன் தட்டியது இரண்டாவதை. திரையில் கடிதங்கள் அழகாக ஓடின. பெட்டி காலியானது. அண்ணா ஓடிவந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “திரையை மூடாதே! எதையும் தொடாதே! கையைத் தூக்கு!” பையன் நிஜமாகவே இரண்டு கையையும் தூக்கிவிட்டான். திரையில் ஓடியதை ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துச் சாயங்காலம்வரை உட்கார்ந்து சேர்த்தார். “கடுதாசி இருக்கு, கவர் போச்சு” என்றார். யாருக்குப் பதில் போடவேண்டும், எந்தக் கேள்விக்கான பதில் என்பதெல்லாம் அந்த உறையின் மேல்தான் எழுதியிருக்கும். பையனை அவர் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

முற்றும் துறந்த முனிவர் என்று எண்ணிவிடாதீர்கள். தன் தவறு என்றால் அண்ணா செய்வினையை விட்டுச் செயப்பாட்டு வினைக்கு மாறிவிடுவார். ஒரு சனிக்கிழமை பராமரிப்புக்காகச் சேனலை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது எழவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி. புதுப்பிக்க வேண்டியவர் இவர்தான். முதல் அரைமணி நேரம் ‘நெட்வொர்க் டீமைக் கேளுங்க, ஃபயர்வால்ல ஏதோ பண்ணியிருக்காங்க’ என்றார். பிறகு போனில் அவர் குரலே இல்லை. திங்கட்கிழமை அறிக்கை வந்தது: ‘சான்றிதழ் காலாவதியானது கண்டறியப்பட்டது. சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது.’ யாரால்? எப்படி மறக்கப்பட்டது? அந்த அறிக்கையில் செய்தவரே கிடையாது.

இனி அந்த ராத்திரி. கடல் கடந்த வங்கி ஒன்றுக்கு நாங்கள் வேலை பார்க்கிறோம்; பெயர் வேண்டாம். மாதக் கடைசி. நமக்கு ராத்திரி ஒன்றரை மணி. பிரிட்ஜ் காலில் நாற்பது பேர், முப்பத்தெட்டுப் பேர் மியூட்டில். பெட்டியில் கடிதங்கள் குவிந்துகொண்டே போகின்றன, எடுப்பாரில்லை. “எம்க்யூல என்ன ப்ராப்ளம்?” என்று மேனேஜர் கேட்டார். தெருநாய் குரைக்கும் சத்தத்துக்கு நடுவில் அண்ணா வந்தார். “எங்க சைடு எல்லாம் ரன்னிங்.”

3,200. 4,100. யாரும் மாற்றாமல் விட்டால் ஒரு பெட்டி கொள்வது 5,000 கடிதம், யாரும் மாற்றவில்லை. நிறைந்தது. 2053. அண்ணா ஒரு வரி தட்டிக் கொள்ளளவை 50,000 ஆக்கினார். “அண்டாவை மாத்திட்டேன். கீழ குழாயை அடைச்சது யாருன்னு பாருங்க.” “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?” என்றார் மேனேஜர். எந்த மேனேஜரும் இதைக் கேட்பார். ரீஸ்டார்ட் செய்தால் நிலையானது என்று குறிக்காத கடிதமெல்லாம் அழிந்துபோகும். “பண்ணலாம் சார். மெயில்ல எழுதிக் கொடுங்க” என்றார் அண்ணா. பேச்சு நின்றது.

அப்போது நான்தான் வீராவேசமாக மியூட்டை எடுத்தேன். “எங்க புரோகிராம் க்யூவைத் திறந்து படிச்சுக்கிட்டுதான் இருக்குண்ணா. லாக்ல தெரியுது.”

“ஆமா தம்பி, படிக்குது. ஒரே லெட்டரைப் படிக்குது.”

பெட்டியின் முதல் கடிதத்தை அவர் எட்டிப் பார்த்திருந்தார். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும், எத்தனை தடவை எடுக்கப்பட்டுத் திருப்பி வைக்கப்பட்டது என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கடிதத்தில் அது 41,000-ஐத் தாண்டியிருந்தது. எவனோ தொகைக்கு நடுவில் ஒரு கால்புள்ளி போட்டு அனுப்பியிருக்கிறான். எங்கள் புரோகிராமுக்கு அது தொண்டையில் சிக்கியது. எடுத்தது, முழித்தது, எடுத்த இடத்திலேயே வைத்தது. முதலில் நிற்பது அதுதானே, மறுபடி அதையே எடுத்தது. இந்தத் தொழிலில் இதற்கு விஷக் கடிதம் என்று பெயர். பின்னால் ஆயிரக்கணக்கான கடிதங்கள், ரேஷன் கடையில் முதல் ஆள் கைரேகை பதியாமல் நிற்கிறபோது பின்னால் நிற்பவர்களைப் போல நின்றன.

மருந்து இல்லாமலில்லை. மூன்று தடவை முழுங்க முடியாவிட்டால் நான்காவது தடவை ஓர் ஒதுக்குப் பெட்டியில் தள்ளு என்று குறித்து வைக்கலாம். யாரும் குறிக்காவிட்டால் அந்த எண் 0. அதாவது, அலுப்பே கிடையாது. ஏன் குறிக்கவில்லை என்று மேனேஜர் கேட்டார். பதிலாக 2:47-க்கு எல்லோருடைய பெட்டியிலும் ஒரு மெயில் வந்து விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணா எங்களுக்கு எழுதியது: ஒதுக்குப் பெட்டி வைக்க இரண்டு நிமிஷம் போதும், ஆனால் அதில் விழுவதைத் தினமும் யார் பார்ப்பது, ஒரு பெயர் கொடுங்கள். அதற்குக் கீழே நான்கு நினைவூட்டல்கள். மேலே அவர் புதிதாக எழுதியது ‘கீழே பார்க்கவும்’ மட்டும். நாற்பது பேரும் மியூட்டில்.

அந்தக் கடிதத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பெட்டி பத்து நிமிஷத்தில் வடிந்தது. ‘நன்றி’ என்று ஒருவரும் சொல்லவில்லை, ‘சரி, டிராப் ஆகலாம்’ என்றுதான் சொன்னார்கள்.

இப்போது பிள்ளைகள் கஃப்கா கஃப்கா என்று இன்னொரு மென்பொருளைச் சொல்கிறார்கள். அண்ணாவும் படித்துப் பார்த்தார். “அதுல படிச்ச லெட்டரும் அங்கேயே கிடக்குது தம்பி. அது தபால் பெட்டி இல்ல, பேரேடு. நல்லாத்தான் இருக்கு, ஆனா வேற சாமான்.” அந்தப் பெயர் ஒரு எழுத்தாளருடையது, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர், ஆபீஸ் கொடுமைகளை எழுதியவர் என்று நான் சொன்னபோதுதான் முகம் மலர்ந்தது. “அவரும் ஆன்-கால்ல இருந்திருப்பாரோ?”

அந்த ராத்திரிக்குப் பிறகு ஒதுக்குப் பெட்டி வைத்தாயிற்று. இன்று காலை எட்டிப் பார்த்தேன், எட்டிப் பார்க்கும் கருவியால்தான். 212 கடிதங்கள் கிடக்கின்றன. அதைத் தினமும் யார் பார்ப்பது என்று கேட்டு அண்ணா ஆறாவது மெயில் போட்டிருக்கிறார். நாங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.