மாடி கேப்டன்

பென்னாகரத்தில் விமான நிலையம் கிடையாது. தர்மபுரி மாவட்டத்துக்கே கிடையாது. ஆனால் ஊரில் கேப்டன் உண்டு. ஒகேனக்கல் சாலையை ஒட்டிய ஏதாவது ஒரு மாடி அறையில், ராத்திரி பத்து மணிக்குமேல் ட்யூப்லைட் அணைந்து நீல வெளிச்சம் மட்டும் தெரிந்தால், ஆள் உள்ளே இருக்கிறார். தலையில் ஹெட்போன், இடுப்பில் லுங்கி, காலடியில் ரடர் பெடல்.

பகலில் அவர் வேறு ஆள். பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், உரக்கடை வைத்திருக்கலாம். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் இந்த இனம் நம் பக்கம் பெருகியது ஊரடங்குக் காலத்தில். மைக்ரோசாஃப்ட் 1982லேயே முதல் விமான சிமுலேட்டரை விற்பனைக்கு விட்டாலும், 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பில்தான் செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகம் முழுவதையும் விரித்துக் காட்டினார்கள். தெருவில் இறங்க முடியாத மனுஷன் தன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேயே பறந்து பார்த்தார். காவிரி தெரிந்தது. ஒகேனக்கல் அருவி மட்டும் விழாமல் தட்டையாகக் கிடந்தது. அதற்காகக் காதல் குறையுமா?

அன்று மாறிய பேச்சு இன்னும் திரும்பவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் "ரோஜர்" என்பார். "யார்றா அந்த ரோஜரு? அவனுக்கும் சேத்து உலை வெக்கணுமா?" என்று அம்மா கேட்பது ஹெட்போனைத் தாண்டாது. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் ஆல்ஃபா, பிராவோ என்று எழுத்தெழுத்தாக ஒப்பிப்பார். சேலம் விமான நிலையம் என்று வாய் தவறியும் சொல்ல மாட்டார், வி.ஓ.எஸ்.எம். என்பார். தர்மபுரி பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து, அவர் பிரேக் அடிப்பதற்கெல்லாம் மார்க் போடுவார். நிஜ விமானத்தில் ஏறியதுண்டா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "அதுல நம்மள ஓட்ட விடமாட்டானுங்களே" என்று பதில் வரும்.

ஜாய்ஸ்டிக்கோடு இருந்தவரை வீட்டில் பெரிய சேதாரம் இல்லை. பெடல் வந்ததும்தான் வினை. வாங்கலாமா என்ற விவாதத்தில் மனைவியிடம் அவர் சரித்திரத்தையே சாட்சிக்கு அழைத்தார். 1929ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளைக் கொண்டே ஒரு போலி விமானம் செய்தார். பொருட்காட்சிக்காரர்கள்தான் அதை விளையாட்டுச் சாமானாக வாங்கினார்கள். 1934ல் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகு, ராணுவமே வந்து ஆறு வாங்கியது. "பாத்தியா, விளையாட்டுன்னு நெனச்சது கடைசியில உசுரக் காப்பாத்துச்சு."

"ஏங்க, அவரு கூட்டுறவு பேங்க்ல நகைய வெச்சா செஞ்சாரு?" என்றார் மனைவி. விவாதம் அதோடு முடிந்தது. பெடல் மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

இந்தப் பெடலுக்கு இரண்டு வேலை. பாதத்தால் முன்னே தள்ளினால் வாலில் இருக்கும் சுக்கான் திரும்பும். விரல் பக்கத்தால் மேல்பகுதியை அமுக்கினால் பிரேக் பிடிக்கும். அதுவும் இடது கால் இடது சக்கரத்துக்கு, வலது கால் வலது சக்கரத்துக்கு. அதாவது, ஒரு காலில் மட்டும் பிரேக் பிசகினால் விமானம் வயலைப் பார்த்துத் திரும்பும்.

முதல் பிரச்சினை தரையில் வந்தது. டைல்ஸ் போட்ட வீடு. கேப்டன் பிரேக்கை மிதித்ததும் விமானம் நிற்கவில்லை, பெடல்தான் வழுக்கிக்கொண்டு சுவர் வரை போயிற்று. பின்னால் நகர்ந்தது நாற்காலி. ரப்பர் பாய் போட்டார், கேழ்வரகு மூட்டையை முட்டுக் கொடுத்தார், எதுவும் தாங்கவில்லை. கடைசியில் மிக்சி வந்த நாளிலிருந்து கிணற்றடியில் சும்மா கிடந்த அம்மிக்கல் மாடியேறியது. இன்றைக்கு அந்த அறையில் அசையாத ஒரே கருவி அதுதான்.

அடுத்தது, இந்த இனத்துக்கே உரிய வியாதி. எஞ்சின் முழு வேகத்தில் அலறுகிறது, விமானம் ஓடுபாதையில் ஓர் அங்குலம் நகரவில்லை. நகர்ந்தாலும் இடது பக்கம் இழுக்கிறது. கேப்டன் முதலில் விண்டோஸ் அப்டேட்டைத் திட்டினார். பிறகு கரண்ட் வோல்டேஜை. பிறகு, அறையைக் கூட்டிப் பெருக்கிய மனைவியை. ஆபத்தை உணர்ந்து மூன்றாவதை உடனே வாபஸ் வாங்கினார். அதன் பிறகே காலிபரேஷன் என்னும் யாகம் தொடங்கியது.

யாகத்தின் விதிகள் எளியவை. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பட்டை தெரியும். பெடலை விட்டால் பட்டை காலியாக வேண்டும், அமுக்கினால் நிறைய வேண்டும். சில பெடல்களை ஒருமுறை அமுக்கிக் காட்டும்வரை கம்ப்யூட்டர் "பாதி பிரேக்" என்றே தானாக முடிவுகட்டிக்கொள்ளும். அதனால் விமானத்தைக் கிளப்பும் முன் இரண்டையும் கடைசி வரை அமுக்கி விட வேண்டும். கேப்டன் அமுக்கினார். இடது பட்டை நேர்மாறாக வேலை செய்தது: காலை எடுத்தால் முழு பிரேக், மிதித்தால் விடுதலை. அச்சைத் திருப்பிப் போட ஒரு டிக் போதும். உற்சாகத்தில் இரண்டுக்கும் போட்டார். இப்போது வலது சக்கரம் பூட்டிக்கொண்டது.

அதைச் சரி செய்தால், பழைய ஜாய்ஸ்டிக்கின் நெம்புகோல் ஒன்றும் அதே இடது பிரேக் வேலைக்குப் பதிவாகியிருப்பது தெரிந்தது. ஒரே வேலைக்கு இரண்டு அதிகாரிகள். அந்தப் பதிவை நீக்கினார். அப்புறம் பட்டை, கால் வைக்காமலேயே நடுங்கியது. ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் பெடலைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் கழற்றிப் பார்த்து, "தம்பி, இது வால்யூம் கன்ட்ரோல். தூசி புகுந்திருக்கு" என்றார். உண்மைதான். விலை குறைந்த பெடல்களுக்குள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் கரகரத்த அதே சாமான். விலை கூடியதில் காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சார் இருக்கும், உரசித் தேயாது. பெரியவர் கிளீனர் அடித்து, துணியால் துடைத்து, டீக்காசு மட்டும் வாங்கிக்கொண்டார். "இத வெச்சு எங்க தம்பி போவ?" என்று கேட்டதற்கு, "சேலத்துக்கு" என்றார் கேப்டன். "அதுக்கு பஸ்ஸே இருக்கே?"

சேலத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், அங்கே ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். உடான் திட்டத்தில் அங்கே நிஜத்தில் வந்துபோவது ஏ.டி.ஆர். ரகச் சின்ன விமானம். நம்மவர் அதில் போயிங் 747ஐ இறக்குவதாகச் சபதம் போட்டிருக்கிறார். பிரேக் சரியில்லாமல் இறங்கினால் ஓமலூர் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கும் என்பது அவர் கணக்கு.

இத்தனைக்குப் பிறகும் விமானம் இடது பக்கம் இழுத்தது. அந்த நேரத்தில்தான் தாய்மாமன் மாடியேறி வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயை அவர் இறங்காத மாதமில்லை. திரையைப் பார்க்கவில்லை, நேராகக் காலைப் பார்த்தார்.

"மாப்ள, காலை எங்க வெச்சிருக்க?"

"பெடல் மேல மாமா."

"அதான் கேக்கறன். குதிகால் எங்க?"

குதிகால் அந்தரத்தில் இருந்தது. பாதம் முழுவதும் பெடலில் ஏறி, விரல்கள் பிரேக்கின் மேல் படுத்திருந்தன.

"தொப்பூர்ல இப்படி பிரேக்கு மேலயே காலப் போட்டு எறங்குனா, டிரம்மு சூடாயி லைனர் கருகிரும். நெஜமா புடிக்கறப்ப ஒண்ணும் இருக்காது. கியர்ல எறங்கோணும். குதிகால தரையில ஊனு."

கேப்டன் ஊன்றினார். பட்டை பூஜ்யத்துக்கு வந்தது. விமானம் கோடு பிசகாமல் நேராக ஓடியது. நிஜ விமானிக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவதும் இதையேதான்: குதிகால் தரையில், பிரேக் வேண்டும்போது மட்டும் பாதம் மேலே. மாமாவுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. லேசாகப் பட்டாலும் பிரேக் பிடிக்காமல் இருக்க டெட் சோன் என்று கொஞ்சம் இடம் விட்டுவைக்கலாம் என்று கேப்டன் விளக்கத் தொடங்கியபோது, மாமா பாதிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

கேப்டனைக் கிண்டலடிக்க ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே பைக்கில் மூன்று பேராக ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்குகிறார்களே, அவர்களில் எத்தனை பேர் கிளம்பும் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள்? இல்லாத விமானத்துக்கு இரண்டு காலையும் அமுக்கி, இரண்டு பட்டையையும் பார்த்து, அப்புறமே வண்டியை எடுக்கிற ஒரே மனுஷன் இந்த ஊரில் அவர்தான். லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் இந்தப் பழக்கத்துக்கு மார்க் இருந்தால் நம்மில் பாதிப் பேர் ஃபெயில்.

ஆகவே உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேப்டன் இருந்தால் பெடலைத் தூக்கிப் பரணில் போடாதீர்கள். குதிகாலைப் பாருங்கள், பெடலை ஒருமுறை கடைசி வரை அமுக்கி விடச் சொல்லுங்கள், வேறு கருவி எதுவும் அந்த வேலையில் குறுக்கே நிற்கிறதா என்று கேளுங்கள், கடைசியாகத் தூசியைத் துடையுங்கள். "எப்பங்க தரையிறங்குவீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் இன்னும் கிளம்பவே இல்லை.