மூன்னு கத்துற மாடு

வாப்பா, உக்காரு. பெங்களூர்லருந்து பஸ்ல வந்த அலுப்பு மொகத்துல தெரியுது. அது இன்னா கையில அம்மாம் பெரிய பொட்டி? 2 வயசுக் கொழந்தைக்கு மூளை வளர்க்கிற பொட்டியா? எவ்ளோ? 3,000 ரூவாயா! அடேங்கப்பா, இந்தப் பொட்டி இல்லாமலே நான் 78 வயச ஓட்டிட்டேன் பாரு.

சரி, பிரி பாப்பம். பிளாஸ்டிக் மாடு. வயித்த அமுக்குனா மூன்னு கத்துது. ஏன்டா கண்ணு, நம்ம கொட்டாய்ல நிக்கிற மாடு ம்மான்னு தான கத்துது? இது எந்தூர் மாடு? பால் கறக்குமா, இல்ல பேட்டரி மட்டுந்தான் திங்குமா? கொழந்தைய இடுப்புல தூக்கிக்கிட்டு மாட்டுக்கிட்ட போ. மூக்கு ஈரமா இருக்கும். கொம்பு சொரசொரங்கும். வயிறு கதகதன்னு இருக்கும். இந்த மூணையும் எந்தப் பொட்டியில போட்டு அடைப்பான்?

இது இன்னா, சாயம் போட்ட அரிசியா? கொழந்த கைய விட்டு அளையறதுக்கா? வெண்ணெய வெச்சிக்கிட்டு நெய்க்கு அலையற கதையா இருக்குதே! உள்ள மூட்ட மூட்டையா கேவுரு கெடக்குது. தர்மபுரிக்காரனுக்கே தானியம் அளைய வெல போட்டு விக்கிறான். நீயும் வாங்கிட்டு வந்து நிக்கிற.

நேத்து நடந்ததச் சொல்றேன் கேளு. உங்க பாட்டி மொறத்த எடுத்துக்கிட்டு கேவுரு பொடைக்க உக்காந்தா. பக்கத்து வூட்டுப் பொடுசு ஓடியாந்துச்சு. ஒரு படியும் ஒரு ஆழாக்கும் குடுத்தா. முக்காவாசி தரையில கொட்டுச்சு. கோழிக்கு நோம்பி. அப்புறம் அது படியத் தூக்கி ஆழாக்குக்குள்ள சொருகப் பாத்துச்சு. போவல. திருப்பிப் பாத்துச்சு. அப்பவும் போவல. அப்புறம் ஆழாக்கத் தூக்கிப் படிக்குள்ள போட்டுச்சு. டொக்குன்னு உள்ள போயிடுச்சு! கெழவி மொகத்தப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுது பாரு. பெருசுக்குள்ள சின்னது அடங்கும், சின்னதுக்குள்ள பெருசு அடங்காது. ஊர்ல எத்தினியோ பெரிய மனுசனுக்கு இன்னும் வெளங்காத சங்கதி!

பொட்டி மேல மாண்டிசோரின்னு அச்சடிச்சிருக்கே, அந்தம்மா யாருன்னு தெரியுமா? என் பேத்தி டீச்சருக்குப் படிச்சவ, அவ சொன்னா. இத்தாலிக்கார டாக்டராம். 1907ல ரோமாபுரியில ஏழைபாழைங்க குடியிருந்த எடத்துல, ஆயி அப்பன் வேலைக்குப் போனப்புறம் தனியாக் கெடந்த கொழந்தைங்களுக்கு ஒரு வூடு தொறந்தாங்க. 1939ல நம்ம மெட்ராஸ் அடையாறுக்கே வந்து வாத்தியாருங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு ஊத்தறது, கூட்டறது, பித்தான் மாட்டறது, இதுதான் அந்தம்மா பாடம். உங்க பாட்டி திண்ணையில நடத்துறதும் அதுதான். என்ன, ஏழைக்குப் பொறந்த பாடத்துக்கு மேல பேரப் போட்டு இப்ப உங்கிட்ட வித்துட்டான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

பழம் போட்ட அட்டை வேறயா? மாங்கா சீசன்ல தர்மபுரிக்கு வந்துட்டு மாம்பழப் படமா காட்டப் போற? செந்தூரா நாலு, கிளிமூக்கு நாலு கலந்து வெய்யி. மூக்கு வளைஞ்சதெல்லாம் இந்தப் பக்கம், உருண்டையெல்லாம் அந்தப் பக்கம் வெக்கச் சொல்லு. மோந்து பாக்கட்டும். தப்பா வெச்சா வெக்கட்டும். பாடம் முடிஞ்சா அறுத்துத் தின்னலாம். அட்டையத் திங்க முடியுமா?

இன்னொரு வெளையாட்டு இருக்குது, காலணா செலவில்ல. கொழந்தையோட உள்ளங்கையில உன் முழங்கைய வெச்சு பருப்பு கடை. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அத்தைக்குன்னு ஒவ்வொரு வெரலாப் பிடிச்சுப் பங்கு வெய்யி. அப்புறம் ரெண்டு வெரல நடக்க வுட்டு மணிக்கட்டு, முழங்கைன்னு சொல்லிக்கிட்டே மேல போ. அக்குள் வர்றதுக்கு முன்னாடியே அது சிரிச்சு உருளும். ஏன்? அடுத்தது இன்னா வரும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. வெரல் அஞ்சு, ஒறவு அஞ்சு, ஒடம்புக்குப் பேரு, எல்லாம் ஒரே வெளையாட்டுல.

ஒண்ணு மட்டும் கவனம். புளியங்கொட்டை, பட்டாணி மாதிரி சின்னச் சாமான் 3 வயசு வரைக்கும் வேணாம். வாயில போடும், மூக்குல திணிக்கும். பெரிய சொம்பு, டம்ளர், மொறம், இது போதும். கேவுரு அளையறப்பவும் பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கணும்.

இந்த மாதிரிப் பாடம் நம்மூர் பால்வாடியிலயும் நடக்குது. 1975 அக்டோபர் 2லதான் நீ மூக்கச் சுளிக்கிறியே அந்தப் பால்வாடித் திட்டம் தொடங்குச்சு. அங்க கொட்டாங்கச்சிலயும் கூழாங்கல்லுலயும் சொல்லிக் குடுக்கிறத ஒரு நாள் போய்ப் பாரு.

சிரிக்காத. என்னயும் சொல்லிக்கிறேன். உங்கப்பன் சின்னதா இருந்தப்ப நான் எங்க உக்காந்தேன்? ஏரு, கெணறு, சந்தைன்னு சுத்துனேன். உக்காந்தவ கெழவிதான். அதான் உங்கப்பன் இன்னிக்கும் ஊருக்குப் போன் போட்டா, மொதல்ல "அம்மா எங்க?"ங்கிறான்.

பொட்டி வாங்குனது தப்புன்னு நான் சொல்லல தம்பி. உனக்குப் பதிலா அது உக்காரும்னு நெனச்சது தப்பு. இப்ப உன் பாக்கெட்ல டிங்குன்னு ஒண்ணு கத்துதே, அத எறவாணத்துல சொருகிட்டு வா. கொழந்த படியக் கையில வெச்சிக்கிட்டு உன்னத்தான் பாத்துக்கிட்டு நிக்குது.