பற்றரிக்குக் காவல்

என் மருமகன் விமானம் ஓட்டுகிறவன் என்று சொன்னால், திருகோணமலையில் அடுத்த கேள்வி "சீனன்குடாவிலயோ?" என்பதுதான். விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி அங்கே இருப்பதால் வருகிற மரியாதை அது. இவன் ஓட்டுவது ரெஜிபோமில் வெட்டி ஒட்டிய விமானம். ஆள் தரையில் நிற்பான், விமானம் மட்டும் மேலே போகும். இதைச் சொன்னதும் மரியாதை இறங்கிவிடும். ஆனால் தேத்தண்ணி ஏற்கெனவே வந்திருக்கும்.

போட்டிக்குப் புறப்படும்போது இந்த விமானத்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் கிடையாது. இறக்கையைக் கழற்றி, தலையணை உறைக்குள் போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்தால் பேசாமல் வரும். தொல்லை முழுவதும் பற்றரியிடம். விமானம் ஆகாயத்தில் நிற்பது ஏழெட்டு நிமிடம். அதற்காகப் பற்றரி சார்ஜ் ஏறுகிற நேரம் முழுக்கப் பொறுப்பான பெரிய மனிதர் ஒருவர் பக்கத்திலேயே விழித்திருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெரிய மனிதர் நான். தகுதிகள்: ஓய்வூதியம், தூக்கமின்மை.

பெயர் லித்தியம் பொலிமர். பையன்கள் 'லைப்போ' என்பார்கள். கைத்தொலைபேசியில் இருப்பதற்கு இது சொந்தக்காரன்தான், ஆனால் வேறு வளர்ப்பு. தொலைபேசிப் பற்றரிக்குக் காவலுக்கு உள்ளேயே ஒரு சின்னச் சுற்று இருக்கும், மேலே தொலைபேசியின் உடம்பு இருக்கும். விமானத்துக்குப் பாரம் ஆகாது என்பதால் இதற்கு இரண்டும் இல்லை. வெள்ளிப் பையொன்றுக்குள் நெருப்பைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ற். அதற்குமேல் ஏற்றினால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும், பை வீங்கும், சூடேறும், பிறகு தீ. 3 வோல்ற்றுக்குக் கீழே இறக்கினால் அதுவும் கெடும். இந்த 1.2 வோல்ற் இடைவெளிக்குள்தான் அதன் முழு வாழ்க்கையும். எத்தனையோ உத்தியோகத்தர்களை இதைவிட அகலமான இடைவெளியில் சமாளித்திருக்கிறேன்.

மருமகனிடம் தீப்பெட்டி அளவில் ஒரு மீற்றர் உண்டு. பற்றரியின் வெள்ளைப் பிளக்கில் அதைச் செருகினால் வீடே அதிரக் கத்திவிட்டு, மூன்று செல்லின் வோல்ற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். என் அம்மா, அவனுக்கு அம்மம்மா, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதென்னடா, சீனி பார்க்கிற மெசினே?"

"ஓம் அம்மம்மா. மூண்டு பேருக்கும் தனித்தனியாப் பார்க்குது."

3.82, 3.81, 3.64. அம்மா யோசித்தார். "அந்தக் கடைசி ஆளைத்தான் கவனிக்க வேணும். மற்ற ரெண்டும் நல்லாச் சாப்பிடுதுகள், இது பின்னுக்கு நிக்குது."

எந்தக் கையேடும் இதைவிடத் திறமாகச் சொல்லாது. மூன்று செல்லும் ஒன்றாய்த் தொடுத்திருக்கும்போது மொத்தத்தை மட்டும் பார்த்து ஏற்றினால், பின்தங்கிய செல்லின் குறையை மற்றவை தலையில் கட்டி, அவற்றை 4.2க்கு மேலே தள்ளிவிடுவோம். அதனால்தான் அந்த வெள்ளைப் பிளக். சார்ஜர் அதன் வழியாக ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துச் சமன் செய்யும். அம்மாவுக்கு முப்பது வருடச் சீனி வருத்தம். இந்த விஷயத்தில் அவர்தான் வீட்டில் நிபுணர்.

சட்டி யோசனையும் அவருடையதே. தீப்பிடிக்காத பை கடையில் விற்கிறார்கள். மருமகனின் பணமெல்லாம் மோட்டருக்கும் சுழலிக்கும் போய்விட்டது. "மண்சட்டிக்குள்ள வை, கீழ மணல் போடு" என்றார் அம்மா. நான் உப்புவெளிக் கடற்கரைக்குப் போய் ஒரு பை மணல் அள்ளிவந்தேன். மருமகன் விரலில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான். உப்பும் ஈரமுமாய் இருக்கிற மணல் மின்சாரத்தைக் கடத்தும், பிளக் முனைகளையும் அரிக்கும் என்றான். காய்ந்த ஆற்றுமணல் வேண்டுமாம். கோணேசர் கோயில் போகும் வழியில் கச்சான் வறுக்கிற அம்மாவிடம் போய் நின்றேன். வருடக்கணக்காகத் தாச்சியில் வறுபட்டுக் கறுத்த மணல். அதைவிடக் காய்ந்த மணல் இந்த மாவட்டத்தில் கிடையாது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கச்சான் தொழிலில் இறங்கப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், காசு மட்டும் கூடக் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் பற்றரிகள் கச்சான் வாசத்தோடுதான் பயணம் போகின்றன.

எரிகிற சாமானை அடக்கி வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே குடும்பம் நடத்துவது திருகோணமலைக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் வந்து குண்டு போட்டார்கள். அன்று ஒரு தாங்கியில் விமானமே வந்து மோதியது என்று ஊரில் சொல்வார்கள். 2022 ஜனவரியில் அந்த 99ஐயும் 14, 24, 61 என்று பங்கு பிரித்து இந்தியாவோடு ஒப்பந்தமும் போட்டாயிற்று. அவ்வளவு பெரிய தாங்கிகளைப் பற்றி இரவில் யாரும் யோசிப்பதில்லை. எங்கள் வீட்டில் உள்ளங்கை அளவுப் பற்றரிக்கு நான் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரிலேயே பறக்கவிடலாமே என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். ஒரு பக்கம் கடற்படை, மறுபக்கம் விமானப்படை, நடுவில் துறைமுகம். இங்கே காகமே கடிதம் வைத்துக்கொண்டுதான் பறக்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, ஆளில்லா விமானம் எதுவும் எழும்பக்கூடாது என்று நாடு முழுவதற்குமே தடை போட்டார்கள். பிறகு பதிவு, அனுமதி என்று மெல்லத் திறந்தது. அதனால் போட்டி என்றால் எங்களுக்குப் பயணம்தான்.

பயணத்தின் முதல் விதி, வீட்டிலேயே முழுக்க ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. எனக்கு இது விளங்கவே நாளாயிற்று. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தைப் பார்த்தவன், எதையும் முட்ட நிரப்பித்தான் பழக்கம். லைப்போ அப்படியில்லை. முட்ட நிறைந்து நாட்கணக்கில் கிடந்தால் ஆயுள் குறையும், வழியில் ஏதும் அசம்பாவிதம் நடந்தால் எரிவதற்குச் சரக்கும் கூட. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ற் அளவில், அரை வயிற்றோடு கூட்டிப்போக வேண்டும். மிச்சத்தைப் போய்ச் சேர்ந்த இடத்தில் ஏற்றலாம். உலகம் முழுக்க இதுதான் நியாயம். 2016 ஏப்ரலிலிருந்து லித்தியம் பற்றரிகளைத் தனிச் சரக்காக விமானத்தில் அனுப்பினால் 30 வீதத்துக்குமேல் சார்ஜ் இருக்கக்கூடாது, அதுவும் பயணிகள் விமானத்தில் ஏற்றவே கூடாது.

இரண்டாவது விதி வெக்கை. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் வெயிலில் பூட்டி நிற்கிற வானுக்குள் 50 பாகை தாண்டுவது சாதாரணம். அதற்குள் பற்றரியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகமுடியாது. எங்கள் வான்காரர் கந்தளாய் வரைக்கும் ஏசியைப் போடவில்லை. அம்மா விசிறியால் விசிறிக்கொண்டே வந்தார். பற்றரி சூடாகக்கூடாது என்று மருமகன் சொன்னதும் டக்கென்று போட்டார். "ஐயோ தம்பி, முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் ஏசி தேவைப்படாமல் போயிற்று.

கொழும்பில் லொட்ஜ். அங்கே சுவரில் சதுரப் பின் ஓட்டை, எங்கள் சார்ஜருக்கு உருண்டைப் பின் இரண்டு. இந்தத் தீவில் இதற்கு வைத்தியம் ஒன்று உண்டு. மேலே உள்ள ஏர்த் ஓட்டைக்குள் பேனை மூடியைச் செருகி அழுத்தினால் கீழ் இரண்டு ஓட்டையும் திறந்துகொள்ளும், உருண்டைப் பின்னை உள்ளே தள்ளிவிடலாம். லொட்ஜ் பையன் பேனையோடுதான் அறைக்கே வந்தான். அப்படிச் செருகினது தளர்ந்து ஆடும், பொறி பறக்கும், சூடேறும். மணிக்கணக்காக மின்சாரம் இழுக்கிற சார்ஜருக்கு அது ஆகாது. நான் மூன்று சதுரப் பின்னோடு ஒழுங்கான அடாப்டர் கொண்டுபோயிருந்தேன். பையனுக்குப் பெரிய ஏமாற்றம்.

கட்டிலில் வைத்துச் சார்ஜ் போடக்கூடாது, திரைச்சீலைக்குப் பக்கத்தில் கூடாது, வாசலை மறித்தும் கூடாது. தீப்பிடித்தால் நாங்கள் ஓடுவதற்கு வாசல் வேண்டும். மிஞ்சியது அறை நடுவில் வெறும் ஓட்டுத் தரை. அதில் சட்டி, சட்டிக்குள் மணல், மணலில் பற்றரி, அதிலிருந்து வயர்கள், வயர் முனையில் பீப் பீப் என்று கத்தும் பெட்டி. திருகோணமலையிலிருந்து வந்த தமிழர் இருவர் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். கதவு தட்டிய முகாமையாளர் இந்தக் காட்சியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் எழுந்து அடையாள அட்டை, விமானப் பதிவு, போட்டி அழைப்பு எல்லாவற்றையும் நீட்டினேன். அவர் கேட்டது அதையல்ல. மோப்பம் பிடித்துவிட்டு, "அறைக்குள்ள சமைக்கக்கூடாது ஐயா" என்றார்.

2200 மில்லி அம்பியர் மணிப் பற்றரிக்கு 2.2 அம்பியர், அதற்குமேல் வேண்டாம். அப்படி ஏற்றினால் காலியான பற்றரிக்கு ஒரு மணித்தியாலம் சொச்சம், அரை வயிற்றோடு வந்ததற்குப் பாதி. அவசரப்பட்டு இரட்டிப்பாய் ஏற்றலாம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். பெட்டியில் எழுதுகிறவன் எங்களோடு லொட்ஜில் படுப்பதில்லை. சார்ஜரில் செல் எண்ணிக்கையை மாற்றிப் போட்டாலும் ஆபத்து. ஆகவே மருமகன் உரத்துச் சொல்ல, நான் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்வேன். மருந்துக் கடையில்கூட அவ்வளவு கவனம் பார்த்ததில்லை. பிறகு அவன் தூங்கிவிடுவான். நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இளஞ்சூடு பரவாயில்லை. கை பொறுக்காத சூடு என்றால் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

நடுவில் கரண்ட் போனால்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம், தீவு முழுக்க இருண்டது. சொன்னவர் மின்சக்தி அமைச்சர். நல்ல காலம், எங்கள் சார்ஜர் கரண்ட் திரும்பி வந்தாலும் தானாகத் தொடங்காது. யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருக்கும். அந்தக் குணம் இந்த நாட்டில் பலருக்குக் கிடையாது.

மருமகனுக்கு வெளிநாட்டுப் போட்டி ஆசையும் உண்டு. அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித் ஆலோசகராக இருக்க, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் எடுத்ததிலிருந்து பிடித்த ஆசை. விமானம் ஏறுவதற்கான கணக்கை இப்போதே எனக்கு மனப்பாடம் பண்ண வைத்துவிட்டான். உதிரிப் பற்றரி கைப்பையில்தான், சரக்கறைக்குப் போகிற பெட்டியில் கூடவே கூடாது. அங்கே தீப்பிடித்தால் யார் பார்ப்பது? பிளக் முனை ஒவ்வொன்றுக்கும் டேப். வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால் வாற் மணி. எங்களுடையது 11.1 பெருக்கல் 2.2, ஆக 24 சொச்சம். 100க்குள் இருந்தால் அனுமதி கேட்கவேண்டியதில்லை. 100க்கும் 160க்கும் இடையில் விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும், அதுவும் இரண்டே இரண்டு. ஆறு செல், 5000 மில்லியில் ஒன்று வாங்க அவன் கண் வைத்திருக்கிறான். அது 111. அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதவேண்டி வரும்.

போட்டித் திடலில் வானின் பற்றரியிலிருந்து சார்ஜ் போட்டோம். வான்காரருக்குப் பதைபதைப்பு. "என்ர பற்றரிய உங்கட பற்றரி குடிச்சு முடிச்சிடுமோ?" முடிக்காது, அவருடையது எழுநூறு வாற் மணியைத் தொடும், எங்களுடையது வெறும் 24. கணக்குச் சொன்னேன். நம்பவில்லை, இடைக்கிடை ஹோர்ன் அடித்துச் சோதித்தார். பக்கத்தில் பெரிய குழுவொன்று, ஜெனரேட்டர், கூடாரம், ஒரே மாதிரி டீசேர்ட். எங்கள் சட்டியைப் பார்த்துச் சிரித்த பையன்கள். பறந்து இறங்கிய பற்றரியை ஆறவிடாமல் சுடச்சுடச் சார்ஜில் மாட்டினார்கள். சற்று நேரத்தில் ஒருவன் அதைத் தடியில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பை உப்பி, மூலைகள் உருண்டிருந்தன.

"அங்கிள், உங்கட சட்டிக்குள்ள இதை வைக்கலாமா?"

வைத்தோம். மேலே மணலை மூடி, ஆட்களை விலக்கி, ஆறவிட்டோம். தீ வரவில்லை. பிறகு அதில் மிஞ்சியிருந்த சார்ஜை இறக்கவேண்டும் என்றான் மருமகன், பல்ப் ஒன்று போதுமாம். வான்காரர் முணுமுணுத்தபடி பின்பக்கச் சிக்னல் பல்ப்பைக் கழற்றித் தந்தார். பற்றரி தீரும்வரை அது சட்டிக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் எரிந்தது. இந்த அமளியில் எங்கள் விமானம் எத்தனையாவது இடம் என்று கேட்கவே மறந்துபோயிற்று. நடுவில் எங்கோ ஓர் இடம். அம்மாவின் கவலை வேறு. கண்ட கண்ட பற்றரியெல்லாம் கிடந்த சட்டியை இனிக் குசினிக்குள் எடுக்கமாட்டாராம், புதிது வாங்காமல் வீடு திரும்பக்கூடாதாம்.

பல்ப் மங்கி அணைந்ததும் வான்காரர் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதே ஐயா? அப்ப பல்ப்பைத் தாங்கோ. இரவைக்கு ஹபரணைக் காட்டுக்குள்ளால போகவேணும். நான் எந்தப் பக்கம் திரும்புறன் எண்டு யானைக்குத் தெரிய வேணுமெல்லோ."