வேலூரில் துயிலும் மகாராஜாவுக்குக் கண்டியிலிருந்து ஒரு விண்ணப்பம்

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மகாராஜா சமுகத்துக்கு,

கண்டி வாவியைக் கட்டக் குடிகளை வாட்டினீர்கள் என்று உங்களைக் கொடுங்கோலன் என்றார்கள். 1816இல் வெள்ளைக்காரன் உங்களை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனான். 1832 ஜனவரி 30இல் கண்மூடிப் பாலாற்றங்கரையில் அடக்கமானீர்கள். தண்ணீரை நேசித்தவருக்கு நல்ல இடம்தான் பார்த்திருக்கிறார்கள்!

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று அந்த ஆற்றோரமெல்லாம் இப்போது தோல் பதனிடும் ஆலைகள். உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் பாதிக்குக் கிட்ட உப்பைக் கொட்டுவார்கள். பிறகு ஊறவைத்து அதே உப்பைக் கழுவி வெளியே விடுவார்கள்; அது ஆற்றிலும் கிணற்றிலும் சேரும். சுத்திகரிப்பு நிலையமா? உப்பை எந்தக் கிருமியும் தின்னாது. நீரை வற்றவைத்துப் பிரித்தாலும் வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடக்கும்.

உரித்த சில மணி நேரத்தில் குளிரூட்டினால் உப்பே வேண்டாம். ஊறப்போடுமுன் தோலை நன்றாக உதறினாலே கணிசமாகக் குறையும். உதறுவது! எத்தனை பெரிய விஞ்ஞானம்! சென்னையில் தோலுக்கென்றே 1948 முதல் ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. ஆனால் குளிரூட்டி காசு கேட்கும். அடுத்தவன் கிணறு கேட்காது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது நம் பாட்டிமார் சொன்ன சட்டம். 1996இல் இந்த ஆலைகள் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: கெடுத்தவனே செலவை ஏற்கட்டும். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ் என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆலைக்கு அபராதம் பத்தாயிரம் ரூபாய். அடேயப்பா, நடுங்கிப் போயிருப்பார்கள்! 28 வருடம் கழித்து, 2025 ஜனவரி 30இல், சரியாக உங்கள் நினைவு நாளில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் நட்டஈடு கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவன் உப்பைத் தின்ன, இன்னொருவன் தண்ணீர் குடிக்கிறான்.

கண்டியார் இளிக்க வேண்டாம். தோல் ஆலை இல்லாமலே நமக்குக் கைவந்த கலை இது. உங்கள் வாவியிலிருந்து வழியும் மெத எலக் கால்வாய், நகரத்து அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு கட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. கொஹாகொடக் குப்பைமேட்டின் கசிவும் அங்கேதான். அதே ஆற்றைத்தான் குழாயில் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

ஆகையால் மகாராஜா, உங்கள் சமாதி மண்டபத்துக்கு மாலையோடு வரும் அதிகாரிகளின் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கிவிட்டு, ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றில் ஆளுக்கொரு செம்பு மொண்டு கொடுங்கள். முதலாளிமாருக்கு இரண்டு செம்பு. கண்டியிலிருந்து வரும் பிரமுகர்களுக்கும் விலக்கு வேண்டாம். அவர்களுக்கு மெத எலத் தண்ணீரை நாங்களே நிரப்பி அனுப்புகிறோம்.