தன்னரண் முற்றுகை: உடையவரே வெளியே நிற்கும் கணினிகள் குறித்த சில ஆய்வுக் குறிப்புகள்

கணினிக்குப் பாதுகாப்பு அமைக்கப் புகுந்த ஒருவர், அப்பாதுகாப்பு மிகச் செம்மையாக அமைந்துவிட்ட காரணத்தாலேயே தம் கணினிக்குள் தாமே நுழைய முடியாமல் நிற்கும் நிலையை இக்கட்டுரை 'தன்னரண் முற்றுகை' என்று வழங்கும். கடவுச்சொல்லை வெறுமனே மறந்துபோதல் இதனுள் அடங்காது. மறதி சோர்வின் பயன், தன்னரண் முற்றுகையோ ஊக்கத்தின் பயன். பகைவர் எவரும் நெருங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், 'செக்யூரிட்டி' என்னும் தலைப்பிட்ட பக்கத்தைத் திறந்து, அங்கே தம் போக்கில் அணைந்து கிடந்த அமைப்புகளை ஒவ்வொன்றாக இயக்கிவிடுபவருக்கே இது பெரும்பாலும் வாய்க்கிறது.

மதிலை வளைத்தலையும் மதிலைக் காத்தலையும் தொல்காப்பியம் உழிஞை என்னும் ஒரே திணையில் அடக்கியிருக்க, பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை வளைப்பவருக்கு உழிஞை, காப்பவருக்கு நொச்சி என இரண்டாகப் பிரித்தது. இவற்றுள் எப்பகுப்பு சிறந்தது என்னும் வினாவுக்குக் கணினி எதிர்பாராத ஒரு விடை தருகிறது. நொச்சி சூடியவரும் உழிஞை சூடியவரும் ஒரே ஆளாக இருக்கும் போரைத் தொல்காப்பியப் பகுப்பே இடரின்றி ஏற்றுக்கொள்ளும். தொல்காப்பியர் இதனை முன்னறிந்தே அவ்வாறு செய்தார் என வாதிடுவது மிகை என்பர். ஆயினும் இதைவிட மெலிந்த சான்றுகளைக் கொண்டு இதைவிடப் பெரிய முடிவுகள் பல நம்மிடையே நிலைநாட்டப்பட்டுள்ளன.

திருவள்ளுவரும் அரணுக்குரிய இயல்புகளைச் சொல்லுமிடத்து, உள்ளிருப்போர் நிலைத்து நிற்பதற்கு அது எளிதாக இருத்தல் வேண்டும் என்கிறார். உள்ளே திரும்பி வருவதற்கு எளிதாக இருத்தல் வேண்டும் என்று தனியே கூறாமைக்குக் காரணம், அரணைக் கட்டியவரே வெளியில் நின்றுகொண்டு கதவைச் சாத்துவார் என்று அக்காலத்தில் எவருக்கும் தோன்றியிருக்க இயலாமையே ஆகலாம்.

கணினியில் கடவுச்சொல் புகுந்த வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சிடிஎஸ்எஸ் என்னும் முறையை உருவாக்கியபோது, ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கிற்று. அடுத்த ஆண்டே, தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாத ஆலன் ஷெர் என்னும் ஆய்வாளர், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். அம்மதிலை ஏறிக் குதித்தவர் அதே கணினியில் வேலை இருந்த உள்ளூர்க்காரர் என்பது கவனத்திற்குரியது.

இனி மீட்பு. மீட்பு முறைகள் அனைத்திற்கும் அடிப்படை, உடையவரையும் திருடரையும் வேறுபடுத்தக் கணினிக்குத் தெரியாது என்பதாகும். ஆகவே திருடர் எதைச் செய்வாரோ அதையே உடையவரும், சற்றுக் கூச்சத்துடன், செய்தாக வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் 'சூடோ' என்பது சாதாரணப் பயனருக்கு நிர்வாகியின் அதிகாரத்தைச் சிறிது நேரம் கடனாகத் தரும் கட்டளை. அக்கடன் யார் யாருக்கு உரியது என்பதைச் 'சூடோயர்ஸ்' என்னும் கோப்பு கூறும். அக்கோப்பை எவரும் திருத்தலாம் என்னும்படி அதன் அனுமதிகளை ஒருவர் மாற்றிவிட்டால், சூடோ அதனை நம்ப மறுத்து, இயங்கவும் மறுத்துவிடும். அனுமதியைச் சீராக்க நிர்வாகி அதிகாரம் வேண்டும், அவ்வதிகாரம் பெறச் சூடோ இயங்க வேண்டும், சூடோ இயங்க அனுமதி சீராக இருக்க வேண்டும் என்று அமையும் இவ்வட்டத்தைத் தருக்க நூலார் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

வட்டத்தை வெளியிலிருந்தே உடைக்க முடியும். கணினியை மறுபடி இயக்கி, இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் 'க்ரப்' என்னும் நிரலின் பட்டியலில், முதலில் ஓடவேண்டியது கட்டளைச் சாளரமே என்று ஒரு தொடரைச் சேர்த்தால், கணினி கடவுச்சொல் எதுவும் கேளாமல் முழு அதிகாரத்தையும் கையில் தந்துவிடும். முன்யோசனையுள்ளவர் க்ரப்புக்கும் கடவுச்சொல் இட்டிருப்பார். அப்போது இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவைச் செருகலாம். மேலும் முன்யோசனையுள்ளவர், பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கக் கூடாதென்று பயாஸில் தடுத்து, பயாஸையும் பூட்டியிருப்பார். இந்நிலையில் திருப்புளி தேவைப்படுகிறது.

பயாஸ் என்பது கணினி கண்விழித்ததும் முதலில் ஓடும் நிரல். பழைய மேசைக் கணினிகளில் அதன் அமைப்புகளைத் தாங்கும் சிறு நினைவகத்திற்கு, மதர்போர்டில் பதித்த சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் காசு பேட்டரியே உயிர். அப்பெயரிலுள்ள 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அந்தப் பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால், அத்தகைய கணினிகள் பல கடவுச்சொல்லையும் தேதியையும் ஒருசேர மறந்துவிடும். மடிக்கணினி செய்வோரோ இவ்வழியை அறிந்து, மின்சாரமின்றியும் மறவாத சில்லில் கடவுச்சொல்லை வைப்பதால், அங்கே திருப்புளி எடுப்பவருக்கு மிச்சப்படுவது பெரும்பாலும் எங்கே பொருந்தும் என்று தெரியாத இரண்டொரு திருகாணிகளே.

இவை யாவும் ஓட்டையுள்ள மதில்கள். 2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த பிட்லாக்கர் வேறு இனம். இது வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்கிறது; அதாவது, திறவுகோல் இல்லாதவருக்குப் பொருளற்ற குவியலாக மாற்றிவிடுகிறது. அத்திறவுகோலைக் காக்கும் டிபிஎம் என்னும் சில்லு, கணினி தொடங்கும் முறையில் மாற்றம் கண்டால் வாய் திறவாது. 'செக்யூர் பூட்' என்னும் ஒரு பாதுகாப்பு அமைப்பை இயக்கிப் பார்ப்பதோ அணைத்துப் பார்ப்பதோ போதும், திரை நீலமாகி 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக அமையும். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடுவதால், தட்டச்சுப் பிழையைக் கணினி அந்தந்தத் தொகுதியிலேயே கண்டுபிடித்துவிடும். இக்கருணையை நம்பி ஊகத்தில் இறங்குவோர், இருக்கக்கூடிய திறவுகோல்களின் எண்ணிக்கையே 39 இலக்க எண் என்பதை அறிதல் நன்று.

திறவுகோல் பலருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அக்கணக்கின் கடவுச்சொல் பூட்டிய மடிக்கணினியின் உலாவியில் இருக்கும். அதை மாற்ற வரும் குறுஞ்செய்தி, கைவிட்ட பழைய கைபேசி எண்ணுக்குப் போகும். பூட்டும் வன்தட்டிலேயே திறவுகோலைச் சேமிக்க விண்டோஸ் விடாது என்பதால் அதனைப் பென்டிரைவில் சேமித்து, பின்னொரு நாள் அதே ஊக்கத்துடன் அந்தப் பென்டிரைவையும் பிட்லாக்கரால் பூட்டிவைப்பது தன்னரண் மரபுக்கு முற்றிலும் உடன்பட்டதே. திறவுகோலைத் தாளில் அச்சிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைப்பதைவிட மேலான முறை இதுவரை அறியப்படவில்லை.

முற்றுகையிடுவோரின் மனநிலை குறித்து விரிவாக எழுத இடமில்லை. முதல் ஐயம் கேப்ஸ் லாக் விசையின் மேல் விழும், அடுத்தது விசைப்பலகை வேறு மொழிக்கு மாறியதோ என்பது; அதன்பின் அதே கடவுச்சொல்லை மெதுவாக அடிப்பதும், இறுதியில் பலமாக அடிப்பதும் நிகழும். பலமாக அடித்தால் கணினி இணங்கும் என்னும் நம்பிக்கை கற்றவரிடத்தும் காணப்படுகிறது.

எஞ்சியிருப்பது ஒரு சொல்வழக்குச் சிக்கல். கைப்பற்றிய அரணைக் கழுதை ஏர் பூட்டி உழுது, வெள்ளை வரகும் கொள்ளும் விதைப்பதை இலக்கண நூலார் 'உழுது வித்திடுதல்' என்னும் துறையாக வகுத்தனர். சர்வீஸ் சென்டர்களில் "ஃபார்மேட் போட்டுக் கொடுத்துட்டோம் சார், இப்ப நல்லா ஓடுது" என்று சொல்லிப் பணம் பெறப்படும் செயல், பழைய கோப்புகளை அடியோடு உழுது புதிய விண்டோஸை விதைப்பதாகலின், அதனை மீட்பு வகைகளுள் சேர்க்க இயலாது. உழுது வித்திடுதலில் சேர்க்கலாம்.